ஜூன் 12-ஐ அஃபிடவிட்ல எழுதின தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நேத்து ராத்திரி நீ அனுப்பின ப்ரூஃப் அஃபிடவிட், அதான் உன் வாய்க்கால் கேஸ்ல பெரியவரோட சாட்சியத்த எழுத்துல குடுக்கற பிரமாண பத்திரம், படிச்சேன். ஃபோன்ல சொன்னா 'சரி சார்'னு வச்சிடுவ, அதனாலதான் எழுதறேன், கும்பகோணம் மன்னார்குடி பக்கம் புதுசா ட்ரயல் நடத்துற மத்த பிள்ளைங்களும் படிக்கட்டும்.

மூணாவது பாரா. 'ஒவ்வொரு வருடமும் ஜூன் 12 முதல் மேற்படி வாய்க்கால் வழியாக இடைவிடாது தண்ணீர் பாய்ச்சி வருகிறேன்.' இதை உன் சாட்சி, அந்தப் பெரியவரா சொன்னார்? ஜூன் 12 மேட்டூர் அணையை வழக்கமா திறக்கிற தேதிதான், ஆனா 2012லேர்ந்து 2019 வரைக்கும் எட்டு வருஷம் அன்னிக்குத் திறக்கவே இல்லையேப்பா. 2012ல செப்டம்பர் 17, 2017ல அக்டோபர் 2. குறுவை சாகுபடி போன வருஷங்கள டெல்டாக்காரன் மறப்பானா?

இதே தப்ப நானும் பண்ணிருக்கேன். அதுவும் வாய்க்கால்ல தண்ணி பாய்ச்சற பாத்தியதை கேஸ், சாட்சி எழுபது வயசுப் பெரியவர், இதே மாதிரி ஒரு வரிய நானே எழுதி கையெழுத்து வாங்கினேன். கிராஸ்ல, அதான் குறுக்கு விசாரணைல, எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார், "2012 ஜூன்ல தண்ணி வந்துச்சா?" "வந்துச்சுங்க." "அந்த வருஷம் மேட்டூர் எப்ப திறந்தாங்க?" பெரியவர் தோள்ல கெடந்த துண்ட எடுத்து ரெண்டு கையாலயும் முறுக்கிக்கிட்டே என்னைப் பாத்தார். "செப்டம்பர்லங்க." "அப்ப ஜூன்ல வந்த தண்ணி எங்கேர்ந்து வந்துச்சு?" பதில் இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு, "வக்கீல் எழுதினாருங்க, நான் கையெழுத்து போட்டேன்"னார். தீர்ப்புல அவர் சாட்சியம் மொத்தமும் நம்பத்தகுந்ததல்லன்னு வந்துச்சு. வெளில வேப்பமரத்தடில நின்னு, "உள்ளத சொல்லிருந்தா போதாதா தம்பி?"ன்னு கேட்டார்.

போதும். அதுதான் எனக்கு இன்னிக்கும் ஆறல. அடுத்தவர் நிலத்து வழியா தண்ணி, பாதை மாதிரி அனுபவிக்கற உரிமையப் பத்தின 1882 ஈஸ்மென்ட் சட்டம் 15வது பிரிவுல 20 வருஷம் இடைவிடாம அனுபவிக்கணும்னு இருக்கு, ஆனா அதே பிரிவோட விளக்கத்தப் படி, வேற ஒருத்தர் செஞ்ச தடையால அனுபவம் நின்னு போயி, அது தெரிஞ்சும் ஒரு வருஷம் பொறுத்துக்கிட்டு இருந்தாத்தான் அது இடையூறு. மேட்டூர் திறக்காம வாய்க்கால் காஞ்சு கெடந்தா அது இடையூறே இல்ல. நான் எழுதின பொய் கேஸுக்குத் தேவையே படல, சட்டத்த ஒழுங்கா படிக்காம சாட்சியத் திருத்தப் போனேன்.

சாட்சிய தயார் பண்றது தப்பில்ல. அடங்கல் (விஏஓ வச்சிருக்கற பயிர்க் கணக்கு), எஃப்எம்பி ஸ்கெட்ச் (நில அளவை வரைபடம்) காட்டு, கிராஸ் எப்படி இருக்கும்னு சொல்லு, தெரியாதத தெரியாதுன்னு சொல்லலாம்னு தைரியம் குடு. என்ன சொல்லணும்னு மட்டும் சொல்லிக்குடுக்காத. பொய் சாட்சிக்கு ஏழு வருஷம் வரைக்கும் தண்டனை இருக்கு, கூண்டுல நிக்கப்போறது உன் பெரியவர். கட்சிக்காரரே அப்படி எழுதச் சொன்னாலும் தடுக்க வேண்டியது நம்ம கடமைன்னுதான் பார் கவுன்சில் விதியும் சொல்லுது.

இந்த சனிக்கிழமை வயலுக்குப் போ. அவரோட வரப்புல நட, மடை எங்கன்னு அவரே காட்டட்டும், நீ குறுக்க பேசாத. 'கஜாவுக்கு முந்தின வருஷம்'னு சொன்னா அப்படியே எழுது, கஜா புயல் வந்த 2018 நவம்பர் எந்த ஜட்ஜுக்கும் தெரியும். தண்ணி வராத வருஷத்தையும் விடாம எழுது. கடைசியா எப்ப பாய்ச்சினார்னும் கேட்டுக்க, வழக்கு போடறதுக்கு முந்தின ரெண்டு வருஷத்துக்குள்ள அந்த 20 வருஷம் முடியணும், உன் அஃபிடவிட்ல அது இல்ல.

மூணாவது பாராவ திருப்பி எழுதிட்டு, தமிழ்லயே அவருக்கு வாசிச்சுக் காட்டி, அவர் தலையாட்டின பிறகு கையெழுத்து வாங்கு. திங்கக்கிழமை காலைல எனக்குக் காட்டு.

அன்புடன்,
உன் சீனியர்