வைரஸ் கொடுத்ததல்ல, உடல் எடுத்துக்கொண்டது

அன்புள்ள மகனுக்கு,

பழைய வைரஸ்கள் நம் மரபணுத்தொகுதியில் விட்டுப்போனவற்றைப் பற்றிய உன் கட்டுரையைப் படித்தேன். "வைரஸ்கள்தான் நமக்கு நஞ்சுக்கொடியைக் கொடுத்தன" என்ற வரியை மட்டும் அடித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. வைரஸ் யாருக்கும் எதையும் கொடுக்க வருவதில்லை. அது வந்தது தன் வேலைக்கு. அது விட்டுப்போனதில் உதவியதை உடல் எடுத்துக்கொண்டது. இந்த வித்தியாசம் பிடிபட்டால் மற்றப் பக்கங்களை நீயே திருத்திவிடுவாய்.

அடிப்படை உனக்குத் தெரியும். ரெட்ரோவைரஸ் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி, இன்டகிரேஸ் நொதியால் செல்லின் குரோமோசோமுக்குள் செருகுகிறது. அது தோல் செல் என்றால் அந்த ஆளோடு முடிந்தது. கருமுட்டையோ விந்தணுவோ ஆகப்போகிற செல் என்றால் பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் போகும். மனித மரபணுத்தொகுதியில் சுமார் 8 சதவீதம் இப்படித் தங்கியது. புரதம் செய்யச் சொல்லும் பகுதியோ 2 சதவீதத்துக்கும் குறைவு. இந்த ஒப்பீட்டைப் பார்த்ததும் எல்லோருக்கும் தலைகால் புரிவதில்லை. அந்த 8 சதவீதத்தில் பெரும்பகுதி உடைசல், அப்பா!

உடைந்த விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. செருகிய வைரஸின் இரு முனையிலும் எல்.டி.ஆர். என்ற ஒரே மாதிரித் துண்டு; நடுவில் காக், போல், என்வ் என்ற வைரஸின் சொந்த மரபணுக்கள். முனைகள் ஒத்திருப்பதால் அவை ஒன்றோடொன்று இணைந்து, நடுப்பகுதி கழன்று போய்விடும். நம்மிடம் பெரும்பாலான இடங்களில் மிச்சமிருப்பது ஒற்றை எல்.டி.ஆர். மட்டும். ஆனால் பக்கத்து மரபணுவை எந்தச் செல்லில், எப்போது இயக்குவது என்ற சுவிட்ச் அதற்குள் இருக்கிறது. பரிணாமத்தை வைரஸ் திருப்பிய பெரிய வழி இதுதான் என்பது என் கணிப்பு. நீ இதற்கு ஒரே ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறாய்.

நீல முட்டையை எடுத்துக்கொள். பித்த உப்புகளைக் கடத்தும் எஸ்.எல்.சி.ஓ.1பி3 என்ற மரபணு சாதாரணமாகக் கல்லீரலில் வேலை செய்வது. சில கோழி இனங்களில் அதன் முன்பகுதியில் ஈ.ஏ.வி.-எச்.பி. என்ற ரெட்ரோவைரஸ் செருகியிருக்கிறது. அதனால் ஓடு உருவாகும் கருப்பையிலும் அந்த மரபணு இயங்குகிறது. பிலிவெர்டின் என்ற பித்த நிறமி ஓட்டில் படிந்து முட்டை நீலமாகிறது. புரதம் அதேதான், இயங்கும் இடம்தான் மாறியது. 2013-இல் வெளிவந்த இந்தக் கண்டுபிடிப்பில் எனக்குப் பிடித்தது வேறொன்று: தென் அமெரிக்கக் கோழிகளிலும் சீனக் கோழிகளிலும் இது தனித்தனியாக, வெவ்வேறு புள்ளிகளில் நடந்திருக்கிறது.

நஞ்சுக்கொடிக்கு வருவோம். செல்லோடு ஒட்டி உள்ளே நுழைய வைரஸ் பயன்படுத்திய என்வ் புரதமே சின்சைட்டின்-1 ஆகி, நஞ்சுக்கொடியின் வெளிச் செல்களை ஒன்றாக இணைக்கிறது. 2000-இல் தெரியவந்தது, நம் 7-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. எலியின் சின்சைட்டின்-ஏ வேறொரு வைரஸிலிருந்து வந்தது. அதை நீக்கினால் கரு பாதிக் கர்ப்பத்திலேயே இறந்துவிடும். நம்முடைய சின்சைட்டின்-1 வந்து சுமார் 2.5 கோடி ஆண்டுகள்தான். நஞ்சுக்கொடி அதைவிடப் பல கோடி ஆண்டுகள் பழையது. இப்போது அந்த வரியை ஏன் அடித்தேன் என்று புரிகிறதா?

ஒரு வைரஸ் எப்போது செருகியது என்ற வயதுக் கணக்கில் கவனம் வேண்டும். செருகும்போது இரு எல்.டி.ஆரும் டி.என்.ஏ. எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். பிறகு தனித்தனியே மாறும். 1000 எழுத்தில் 20 வேறுபட்டால் 2 சதவீதம். ஒரு முனை 10 லட்சம் ஆண்டுக்குச் சுமார் 0.22 சதவீதம் மாறும் என்று வைத்தால், இரண்டுக்கும் 0.44, வகுத்தால் ஏறக்குறைய 45 லட்சம் ஆண்டுகள். இரண்டு பொறிகள் உண்டு. ஒரு முனை மற்றதைப் பார்த்துத் திருத்திக்கொண்டால் வயது குறைந்து தெரியும். வைரஸை அடக்க உடல் மெத்தில் என்ற வேதித்துணுக்கை ஒட்டிய 'சி' எழுத்து எளிதில் 'டி' ஆகும். அப்போது வயது கூடித் தெரியும். ஆகவே சி-யும் ஜி-யும் அடுத்தடுத்து வரும் இடங்களை விலக்கிவிட்டு எண்ணு. எந்தெந்தக் குரங்கினங்களில் அதே புள்ளியில் அது இருக்கிறது என்றும் பார்; இருந்தால், அந்த இனங்கள் பிரியும் முன்பே வந்தது என்று பொருள். ஒப்பிட மறுமுனை இல்லாத ஒற்றை எல்.டி.ஆருக்கு இந்தச் சரிபார்ப்புதான் முக்கிய வழி.

இரண்டாம் பகுதியில் எல்.டி.ஆர்.களைப் பற்றி "புரதம் ஒட்டுகிறது, ஆகவே சுவிட்ச்" என்று எழுதியிருக்கிறாய். ஒட்டுவது போதாது. ஒரே துண்டுக்கு நூற்றுக்கணக்கான நகல்கள் இருப்பதால், சோதனையில் படிக்கும் குட்டையான டி.என்.ஏ. வரிசைகள் எந்த நகலிலிருந்து வந்தவை என்றே பல சமயம் பிரிக்க முடியாது. வெட்டிப் பார்க்க வேண்டும். 2016-இல் எம்.இ.ஆர்.41 என்ற பழைய எல்.டி.ஆர். துண்டு ஒன்றை, டி.என்.ஏ.வை வெட்டும் கிரிஸ்பர் கருவியால் மனிதச் செல்களிலிருந்து நீக்கினார்கள். வைரஸ் தொற்றை உடலுக்கு அறிவிக்கும் இன்டர்ஃபெரான் புரதத்தைக் கொடுத்தும் பக்கத்திலிருந்த எய்ம்2 என்ற நோயெதிர்ப்பு மரபணு சரியாகக் கிளம்பவில்லை. அந்த மாதிரிச் சான்று உள்ளவற்றை மட்டும் வைத்துக்கொள், மற்றவற்றை "இருக்கலாம்" என்று மாற்று.

ஆஸ்திரேலிய மரவிலங்கான கோவாலாவையும் சேர். அதில் கே.ஓ.ஆர்.வி. என்ற ரெட்ரோவைரஸ் இப்போதுதான் மரபணுத்தொகுதிக்குள் குடியேறிக்கொண்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் வடக்கே குயின்ஸ்லாந்தில் ஏறக்குறைய எல்லா விலங்குகளிலும் இருக்கிறது, தெற்கே போகப்போகக் குறைகிறது. ரத்தப் புற்றுநோயோடும் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயோடும் அதற்குத் தொடர்பு உண்டு. தொடக்கக் காலத்தில் விலங்கு கொடுக்கும் விலை என்ன என்று காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. உன் கட்டுரையில் அந்தப் பக்கமே இல்லை. திருத்தியதும் படங்களோடு அனுப்பு, வயதுக் கணக்கை நான் ஒருமுறை சரிபார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா