யூரியா கேட்டால் நாங்கள் ஏன் கேள்வி கேட்கிறோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். யூரியா வேண்டும் என்று வருகிறவர்களுக்கு நாங்கள் உடனே மூட்டையை எடுத்துக் கொடுப்பதில்லை. பயிருக்கு என்ன வயது, கடைசி மேலுரம் (வளர்ந்து நிற்கும் பயிருக்குப் போடும் உரம்) எப்போது போட்டீர்கள், வெயில் நன்றாக அடிக்கிறதா, மூட்டமாக இருக்கிறதா என்று நாலு கேள்வி கேட்கிறோம். அவசரமாக வந்தவருக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் செடியின் செல் சுவரில் இருக்கிறது. கடையில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் இந்த மடல்.

செடியின் ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு சுவர் உண்டு. எலும்பே இல்லாத செடி நிமிர்ந்து நிற்பது இந்தச் சுவரின் பலத்தாலும், உள்ளிருந்து அதை அழுத்தும் நீரின் பலத்தாலும்தான். 1665இல் ராபர்ட் ஹூக் தக்கையைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்து 'செல்' என்று பெயர் வைத்தபோது, அவர் கண்ணில் பட்டவை செத்துப்போன செல்கள் விட்டுச்சென்ற வெறும் சுவர்களே. வைக்கோலும் மரக்கட்டையும் பெரும்பாலும் அப்படி மிஞ்சி நிற்கும் சுவர்கள்தான்.

இளம் செல்லின் சுவரில் செல்லுலோஸ் இழைகள் இருக்கும். அவற்றோடு பின்னிக்கொள்ளும் ஹெமிசெல்லுலோஸும், இடைவெளியை நிரப்பும் பெக்டினும் இருக்கும். மூன்றையும் செடி சர்க்கரையிலிருந்துதான் கட்டுகிறது. மூன்றிலும் யூரியா தருகிற தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், கிடையாது. முற்றிய தண்டில் வந்து சேர்ந்து விறைப்பைத் தரும் லிக்னின் என்ற பொருளிலும் கிடையாது. சுவரில் இருக்கும் கொஞ்சம் தழைச்சத்தும் அங்குள்ள புரதங்களில்தான் இருக்கிறது. எடையில் பார்த்தால் அது சிறு பங்கு.

அப்படியென்றால் தழைச்சத்துக்கும் சுவருக்கும் என்ன தொடர்பு? சுவரைக் கட்டுவதும் புரதம், இளக்குவதும் புரதம். செல்லுலோஸ் இழையை இழுத்து நெய்கிற நொதி ஒரு புரதம். புரதத்தின் எடையில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன். எளிதாகச் சொன்னால், தழைச்சத்து கொத்தனார்களைத் தருகிறது. செங்கல்லைத் தருவது வெயில். கொத்தனார் குறைந்தாலும் வேலை நின்றுபோகும். செங்கல் வராமல் கொத்தனாரை மட்டும் கூட்டிக்கொண்டே போனாலும் சுவர் ஒழுங்காக எழும்பாது.

செல் எப்படிப் பெரிதாகிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஆக்சின் என்ற ஊக்கி வந்ததும் செல் தன் சுவருக்குள் அமிலத்தை வெளியேற்றுகிறது. அமிலம் கூடியதும் எக்ஸ்பான்சின் என்ற புரதம் இழைகளுக்கு இடையிலான பிடிப்பைத் தளர்த்துகிறது. சுவர் இளகுகிறது, உள்ளே இருக்கும் நீரழுத்தம் அதைத் தள்ள, செல் விரிகிறது. விரிகிற நேரத்திலேயே புதிய செல்லுலோஸும் பெக்டினும் வந்து சேர்ந்தாக வேண்டும். சேராவிட்டால் இருக்கிற சுவரே இழுபட்டு மெலிந்துகொண்டு போகும். எங்கள் கேள்விகள் எல்லாம் இந்த ஒரு இடத்தைப் பற்றியவைதான்.

தழைச்சத்து நிறையக் கிடைக்கும்போது வேரில் சைட்டோகைனின் என்ற ஊக்கி கூடுகிறது. அது மேலே போய்ச் செல் பிரிவதைத் தூண்டுகிறது. இலை அகலமாகிறது, கணுவிடை நீளுகிறது, பயிர் கரும்பச்சையாகிறது. பார்க்க மனசுக்கு நிறைவாக இருக்கும். ஆனால் உறிஞ்சிய தழைச்சத்தை அமினோ அமிலமாக மாற்றவும் செடிக்குச் சர்க்கரையிலிருந்து வரும் கரிச்சட்டம் (கார்பன் அணுக்களால் ஆன சட்டம்) வேண்டும். சுவருக்குப் போக வேண்டிய சரக்கில் ஒரு பங்கு இங்கே திரும்பிவிடுகிறது. அதே வாரத்தில் வானம் மூடிக் கிடந்தால் சர்க்கரை வரவும் குறைகிறது. செல்கள் பெருகி, நீண்டு, சுவர் மெல்லியதாகவே நின்றுவிடுகிறது. அப்புறம் காற்றோடு ஒரு மழை வந்தால் நெல்லும் கோதுமையும் அடிக்கணுவில் மடிந்து சாய்கின்றன. குலைநோய் என்ற பூஞ்சை நோய்க்கும், புகையான், அசுவினி என்ற சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கும் இப்படிப்பட்ட இளந்தசையும் அமினோ அமிலம் மிகுந்த சாறும் வசதியாகப் போகின்றன. மருந்துச் செலவு கூடுவது அங்கேதான்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். சாயாமல் நிற்கும் பயிரில் ஒரு தூரையும், உரம் மிஞ்சிய இடத்தில் ஒரு தூரையும் பிடுங்கி, தரையை ஒட்டிய கணுவிடையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். ஒன்று விறைப்பாக எதிர்த்து நிற்கும். மற்றது நீர்கோத்ததுபோல நசுங்கும். நிறத்தை மட்டும் பார்த்துப் பயிரை எடைபோடுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாமலே போய்விடுகிறது.

குறைந்தாலும் தொல்லைதான். தழைச்சத்துப் பற்றாக்குறையில் அடி இலை முதலில் மஞ்சளாகும். அங்கிருக்கும் சத்தைச் செடி கழற்றி மேலிருக்கும் இளந்தளிருக்கு அனுப்பிவிடும். சர்க்கரை இருந்தும் அதைக் கொண்டு வளர வழியில்லாமல் செல்கள் சிறுத்து, தண்டு மெலிந்து, நார் பிடித்து விறைக்கும். கீரைக்கு இது பெரிய நஷ்டம்.

லிக்னின் கதையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. லிக்னினைச் செடி பெரும்பாலும் ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து செய்கிறது. அதில் நைட்ரஜன் உண்டு. ஒரு நொதி அந்த நைட்ரஜனை அம்மோனியாவாகக் கழற்றுகிறது. செடி அதை வீணாக்காமல் பிடித்து மறுபடி அமினோ அமிலத்தில் சேர்த்துக்கொள்கிறது. தண்டு முழுவதும் லிக்னின் ஏறினாலும் அதற்காகத் தழைச்சத்து தீர்ந்துபோவதில்லை. இவ்வளவு சிக்கனமாக நடந்துகொள்ளும் செடிக்கு நாம் அள்ளிக் கொட்ட வேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து.

சுண்ணாம்புச் சத்தையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். பெக்டின் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டிப்போடுவது கால்சியம். அது நீரோட்டத்தோடு மட்டுமே மேலே ஏறும். பழைய இலையிலிருந்து காய்க்கு இறங்கி வராது. அம்மோனிய உரம் மிஞ்சினால் வேர் கால்சியத்தை எடுப்பது குறையும். தக்காளிக் காயின் அடிப்பகுதி கறுத்து அமுங்கிப் போவதைப் பலர் நோய் என்று நினைத்து மருந்து கேட்கிறீர்கள். பெரும்பாலும் அது காயின் நுனிக்குக் கால்சியம் போய்ச் சேராததால் வருவது. சீராகத் தண்ணீர் பாய்ச்சி, தழைச்சத்தைக் குறைத்தாலே அடுத்த காய்கள் தேறும். நெல்லுக்குச் சிலிக்கா பெரிய துணை. அதன் தண்டு, இலைகளின் உலர் எடையில் 10 சதவீதம் வரைகூட அது சேரும். மேல்தோலில் படிந்து விறைப்பைக் கொடுக்கும்.

யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. வழக்கமாகக் கிடைக்கும் திட உரங்களில் இதுதான் அதிகம். கை கொஞ்சம் தாராளமானாலும் அளவு மிஞ்சிவிடும். அதனால் ஒரே தடவையில் போடாமல் பிரித்துப் பிரித்துப் போடுங்கள். நெல்லுக்கு, இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்க உதவும் இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து, நிறம் இறங்கினால் மட்டும் மேலுரம் கொடுங்கள். மூட்டம் கலையும்வரை பொறுங்கள். சாம்பல் சத்தை (பொட்டாஷ்) விட்டுவிடாதீர்கள்.

அடுத்த முறை வரும்போது ஓர் அடி இலையும், வேரோடு பிடுங்கிய ஒரு தூரும் கொண்டு வாருங்கள். சேர்ந்து பார்த்துவிட்டு எவ்வளவு வேண்டும் என்று முடிவு செய்வோம். வேண்டாம் என்று தெரிந்தால் அதையும் நேராகவே சொல்லிவிடுவோம்.

அன்புடன்,
உங்கள் உரக்கடை