விஸ்கிக்கு முன்பே இருந்தார்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில், 'ஸ்காட்ச் விஸ்கி காய்ச்சியதால் ஸ்காட்லாந்து மக்களுக்கு ஸ்காட்ச்காரர்கள் என்ற பெயர் வந்தது' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடும் இந்தத் திறமை வேறு எந்தப் பத்திரிகைக்கும் வாய்க்காது.

தாங்கள் அறியாததல்ல. நான்காம் நூற்றாண்டிலேயே, அயர்லாந்திலிருந்து படகேறி வந்து பிரிட்டனைச் சூறையாடியவர்களை ரோமானியர்கள் 'ஸ்காட்டி' என்று குறித்தார்கள். அந்தக் கூட்டம் மேற்குக் கரையில் நிலைத்து, அரசாகி, அதன் பெயரே பிற்பாடு நாட்டுக்கும் ஒட்டிக்கொண்டது. அங்கே விஸ்கிக்குக் கிடைத்திருக்கும் முதல் எழுத்துச் சான்றோ 1494-ம் ஆண்டினது. பேரன் பிறந்து பாட்டனுக்குப் பெயர் வைத்த கதையாக இருக்கிறது தங்கள் பதில்.

'ஸ்காட்ச்' என்பது 'ஸ்காட்டிஷ்' தேய்ந்து வந்த வடிவம்தான். ஸ்காட்லாந்துக் கவிஞர் பர்ன்ஸ்கூட எழுதிய சொல். பிறகு அந்நாட்டு மக்களுக்கே அது கசந்துவிட்டது. அங்கே கல்வித் துறையின் பெயரிலிருந்தே 1918-ல் அதை நீக்கினார்கள். இன்று விஸ்கிக்கும் சூப்புக்கும் சொல்லலாம், மனிதருக்குச் சொல்லக்கூடாது.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் செவிலியராக வேலை பார்த்தவள் நான். ஒரு முதியவரின் படிவத்தில் உடன் பணிபுரிந்த பெண் 'ஸ்காட்ச்' என்று எழுதிவிட்டாள். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு இருந்தவர், பேனாவைப் பிடுங்கி, தாள் கிழியும்படி அதை அடித்து, கை நடுங்க 'ஸ்காட்டிஷ்' என்று எழுதினார். தேநீர் வரும்வரை எங்கள் யாரிடமும் பேசவில்லை.

தங்களுக்கு இது புதிதா என்ன? ஸ்காட்லாந்துக்காரரான கார்டன் பிரவுன் பிரிட்டன் பிரதமராக இருந்தபோது அவரை 'இங்கிலாந்துப் பிரதமர்' என்றே எழுதிக்கொண்டிருந்தீர்கள். கிளாஸ்கோவில் பிறந்த தாமஸ் மன்றோவை, சென்னையில் குதிரைமேல் சிலையாக இருப்பவரை, 'ஆங்கிலேய கவர்னர்' ஆக்கினீர்கள். இரண்டுக்கும் கடிதம் எழுதினேன். ராசிபலனுக்கு நாலு பக்கம் ஒதுக்கும் பத்திரிகையில் அவற்றுக்கு நாலு வரி இடமில்லாமல் போயிற்று. மலையாளி என்று நம்மை யாராவது சொன்னால் மட்டும் தலையங்கம் எழுதிக் கொதிக்கிறோம்!

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அதே பகுதியில், அதே எழுத்தளவில், இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். கேள்வி கேட்ட மாணவி அந்தப் பதிலைத் தேர்வில் எழுதுவதற்குள் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
நாகர்கோவில்