உப்புப் போடுமுன் ஒரு கரண்டி

ஸ்ரீவில்லிபுத்தூர்,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள குமரனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். நீயும் பொன்னியும் நலந்தானே?

நேற்று ராத்திரி நீ அனுப்பிய படத்தைப் பார்த்ததும் பதறிப்போய் போன் போட்டேன். சோபாவில் நீ, பக்கத்தில் உன் நாய் பொன்னி, நடுவில் ஒரு தட்டு நிறைய பன்னீர் திராட்சை. "இவளுக்கும் பழம் பழக்கப்போறேம்மா" என்று கீழே எழுதியிருந்தாய். அவள் இன்னும் ஒன்றுகூடத் தின்னவில்லை என்று நீ சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. உனக்கு ஆபீஸ் வேலை இருந்ததால் சரி சரி என்று வைத்துவிட்டாய். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இதை அடுப்படியில் எங்காவது ஒட்டி வை.

திராட்சை நாய்க்கு ஆகவே ஆகாது. உலர்ந்த திராட்சையும் அப்படித்தான். ஒரு நாய் கொத்தாகத் தின்றுவிட்டுச் சும்மா இருக்கும், இன்னொன்று நாலைந்து தின்றதற்கே சிறுநீரகம் கெட்டுப்போகும். எந்த நாய்க்கு எத்தனை என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. முதல் நாள் வாந்தி எடுக்கும், அப்புறம் ஓரிரு நாளில் சிறுநீர் குறைந்துபோகும். எது காரணம் என்று ரொம்ப காலம் யாருக்கும் பிடிபடவில்லை. டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று 2021-ல் அமெரிக்காவில் விலங்கு மருத்துவர்கள் சொன்னார்கள். அவர்களுக்கு அந்தத் துப்பைக் கொடுத்ததில் ஒன்று நம் வீட்டுப் பொருள். புளி! அதிலும் இந்த அமிலம் உண்டு. புளியைத் தின்ற நாய்களுக்கும் அதே மாதிரி சிறுநீரகம் கெட்டதைப் பார்த்துத்தான் இரண்டையும் சேர்த்து யோசித்திருக்கிறார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் வீட்டில் இருந்த நாய் மணிக்கு எத்தனை வருஷம் ரசஞ்சாதம் பிசைந்து போட்டிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தபடி படுத்திருந்தேன்.

மணியைப் பற்றி உன்னிடம் முழுதாகச் சொல்லாத ஒன்று உண்டு. நீ கோயம்புத்தூரில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாய், பரீட்சை நேரம். "மணிக்குக் கொஞ்சம் காய்ச்சல்" என்று மட்டும் சொன்னேன். காய்ச்சல் இல்லை. அக்கா வளைகாப்புக்குச் செய்த சின்ன வெங்காய சாம்பார் ஒரு பாத்திரம் மிஞ்சிவிட்டது. வீணாக்குவானேன் என்று இரண்டு நாள் சோற்றில் ஊற்றி, வெங்காயத்தை நன்றாக மசித்து, அவனுக்குப் போட்டேன். தட்டை நக்கி நக்கித் தின்றான். நாலாம் நாள் காலையில் கேட்டுக்குக்கூட எழுந்து வரவில்லை. வாயைத் திறந்து பார்த்தால் ஈறு வெள்ளை வெளேரென்று இருந்தது. வாசல் வேப்பமரத்தடியில் அவன் விட்ட சிறுநீர் கடுங்காப்பி நிறம். அப்பா அவனை ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனார்.

டாக்டர் முதலில் கேட்டது, "என்ன போட்டீங்க?" என்றுதான். சொன்னதும் தலையை ஆட்டினார். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். பச்சையானாலும் வெந்ததானாலும் பொடியானாலும் ஒன்றுதான், வேகவைத்தால் விஷம் போகாது. உடனே தெரியவும் தெரியாது, இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் காட்டும். உடம்பு எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் வெங்காயம் ஒரே நேரத்தில் உள்ளே போனாலே போதும். பொன்னி 12 கிலோ என்றாய். அவளுக்கு அது 60 கிராம், ஒரு கைப்பிடிச் சின்ன வெங்காயம். அளவு குறைந்தாலும் தினமும் சேர்ந்தால் கெடுதல்தான்.

முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு அறிவியல் எடுத்தவள் நான். கரும்பலகையில் இரத்த அணு வரைந்து காட்டியவளுக்கு, தன் வீட்டு நாய்க்குப் போடுவது என்ன செய்யும் என்று தெரியவில்லை. ஆசையாகப் போட்டதுதான் குமரா. அதனால்தான் இன்னும் மனசு ஆறவில்லை. மணி பிழைத்துக்கொண்டான், அதற்கப்புறம் நாலு வருஷம் நம்மோடு இருந்தான். அன்று கிளம்பும்போது டாக்டர் சொன்ன ஒரு வார்த்தையை அந்த நாலு வருஷமும் பிடித்துக்கொண்டேன்: "டீச்சர், தனியா ஒண்ணும் சமைக்க வேண்டாம். உப்புப் போடறதுக்கு முன்னாடி அதுக்கு ஒரு கரண்டி எடுத்து வச்சிடுங்க." காக்கைக்கு எடுத்து வைத்த பிறகுதான் நாம் சாப்பிட உட்காருவோம் இல்லையா, அந்த மாதிரி இதையும் கைப்பழக்கமாக்கிக் கொண்டேன். நீயும் அப்படியே செய்.

முதலில் பூசணியில் தொடங்கு. நம் ஊர் மஞ்சள் பூசணியைச் சென்னையில் பரங்கிக்காய் என்று கேட்டால்தான் கொடுப்பார்கள். கால் கிலோ கீற்று வாங்கு. தோலைச் சீவி, விதையையும் நாரையும் வழித்து எறிந்துவிட்டு, நெல்லிக்காய் அளவுக்கு நறுக்கு. கூட ஒரு கேரட், நாலைந்து பீன்ஸ். அரை டம்ளர் தண்ணீர் விட்டுக் குக்கரில் ஒரு விசில். ஆவி அடங்கி மூடியைத் திறந்ததும் ஒரு தித்திப்பு வாசம் வரும், பொன்னி எங்கே படுத்திருந்தாலும் எழுந்து வந்துவிடுவாள். நீ வேறு எதையும் தொடுமுன் அவள் பங்கை எடுத்துத் தனிக் கிண்ணத்தில் போடு. கரண்டியின் பின்பக்கத்தால் கட்டியில்லாமல் மசி, குழந்தைக்குப் பருப்புச்சோறு பிசைகிற பதம். புறங்கையில் ஒரு துளி வைத்துப் பார், சூடு தெரியக்கூடாது. அவள் எப்போதும் தின்கிற தீனியின் மேல் இதைப் போட்டுப் பிசறிக் கொடு.

ஏன் மசிக்கச் சொல்கிறேன் என்றால், நாய் நம்மைப் போல அரைத்து மென்று தின்பதில்லை, விழுங்கும். மாவுச்சத்தைச் செரிக்கிற அமிலேஸ் நமக்கு எச்சிலிலேயே இருக்கிறது, அதற்குக் குடலுக்குப் போன பிறகுதான். பச்சைக் கேரட்டைத் துண்டாகப் போட்டால் மறுநாள் அப்படியே வெளியே வருவதைப் பார்ப்பாய். வேகவைத்து மசித்தால் சத்து உடம்பில் ஒட்டும். அதற்காகப் பச்சைக் கேரட்டே கூடாது என்றில்லை. மணிக்கு ஒரு முழுக் கேரட்டைக் கொடுத்தால் முன்னங்கால் இரண்டுக்கும் நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக் கடக் கடக்கென்று கடிப்பான். கால் மணி நேரம் அதுதான் அவனுக்கு வேலை. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள், பெரிய துண்டை அப்படியே விழுங்கிவிடக் கூடாது.

மீதிக் காயை விட்டுவிடாதே. தேங்காய் எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, வற்றல், வெங்காயம் தாளித்து, உப்புப் போட்டு, தேங்காய்ப்பூ தூவி இறக்கினால் அது உன் பொரியல். ஒரே குக்கர், இரண்டு பேருக்கும் ஆயிற்று. ராத்திரி பத்து மணிக்கு மேல் பரோட்டா வரவழைத்துத் தின்கிறாய் என்று அக்கா சொன்னாள். பொன்னிக்காக அடுப்பைப் பற்றவைத்தாலாவது நீயும் நாலு காய் தின்பாய் என்று எனக்கு ஒரு ஆசை. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அளவுதான் முக்கியம். அவள் எடைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 700 கலோரி ஆகும். தீனி தவிர நீ கொடுக்கிற மற்றதெல்லாம் சேர்ந்து அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது, அதாவது 70. வெந்த பூசணியும் கேரட்டும் 100 கிராம் போனாலும் முப்பது நாற்பதுதான். ஆனால் ஒரு வாழைப்பழம் 100 தொட்டுவிடும். ஆகவே வாழைப்பழம் என்றால் இரண்டு வில்லை, மீதி உனக்கு. சர்க்கரைவள்ளிக் கிழங்கும் நல்லதுதான், நன்றாக வேகவைத்து ஒரு சின்ன உருண்டை. புதுசாக எதைக் கொடுத்தாலும் மூன்று நாள் அது ஒன்றையே கொஞ்சமாகக் கொடுத்து, மலம் இளகுகிறதா, உடம்பை ரொம்பச் சொறிகிறாளா என்று கவனி. ஒரே நாளில் ஐந்து காயைப் போட்டுவிட்டால், வயிறு கெட்டது எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது.

இதையே முழுச் சாப்பாடாக்கிவிடலாமா என்று கேட்டாய். வேண்டாம் ராசா. ஓநாயைவிட நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கிற சக்தி கூட என்பது உண்மை. மனிதனோடு சேர்ந்து அவன் சோற்றைத் தின்று பழகியதில் அதன் மரபணுவே மாறியிருக்கிறது என்று 2013-ல் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதை வைத்துக்கொண்டு காயும் சோறும் மட்டும் போட்டால் புரதமும் போதாது, கால்சியமும் போதாது, எலும்பு வலுவிழக்கும். நம் தெருவிலேயே தயிர்ச்சோற்றில் மட்டும் வளர்கிற நாய்கள் உண்டு, அதன் முதுகெலும்பை எண்ணலாம். தீனி தீனியாக இருக்கட்டும். வாரம் இரண்டு நாள் ஒரு அவித்த முட்டையில் பாதியை உதிர்த்துப் பூசணியோடு சேர், அன்றைக்கு வேறு ஒன்றும் வேண்டாம். முழுக்க வீட்டுச் சாப்பாடுதான் என்று நீ தீர்மானித்தால், மருத்துவரிடம் அளவு எழுதி வாங்கிக்கொண்டு அப்புறம் செய்.

பழம் பழக்க வேண்டும் என்று சொன்னாயே, பழம் நிறைய இருக்கிறது. பப்பாளி கொடு, விதையை எடுத்துவிட்டு. ஆப்பிள் என்றால் நடுக்கட்டையையும் விதையையும் நறுக்கி எறி, விதையில் சயனைடு உண்டாக்குகிற பொருள் இருக்கிறது. இப்போது வெயில் ஏறிவிட்டதால் தர்பூசணிதான் சௌகரியம். விதை எடுத்து, பச்சைத் தோல் இல்லாமல் சின்னச் சின்னக் கட்டமாக வெட்டி, ஐஸ் டிரேயில் வைத்து விடு. மத்தியானம் இரண்டு கட்டியைத் தரையில் போட்டால் உருட்டி விளையாடிக்கொண்டே தின்பாள். தெருவிலிருந்து வந்த பிள்ளை, இந்த மாதிரி விளையாட்டெல்லாம் இதுவரை அதற்கு யார் காட்டியிருப்பார்கள்?

மாம்பழம் வரப்போகிறது. தோல் சீவி, சதை ஒரு துண்டு கொடு. கொட்டையை மட்டும் அவள் எட்டுகிற குப்பைக்கூடையில் போடாதே, விழுங்கினால் குடலை அடைத்துக்கொள்ளும், வயிற்றை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மக்காச்சோளக் கட்டையும் அப்படித்தான். முருங்கைக்காய்ச் சக்கையும் போடாதே. பட்டர் புரூட் வேண்டாம். சாக்லேட், சர்க்கரை இல்லாத சூயிங்கம் இரண்டும் மேசை மேல் கிடக்கக்கூடாது. சூயிங்கத்தில் இருக்கிற சைலிட்டால் என்கிற இனிப்புப் பொருள் கொஞ்ச நேரத்திலேயே நாயின் இரத்தச் சர்க்கரையை இறக்கி மயக்கம் போட வைத்துவிடும். சர்க்கரைப் பொங்கல், பாயசம் என்று பக்கத்து வீட்டிலிருந்து வந்தால் முழுக்க நீயே சாப்பிட்டுவிடு, உள்ளே திராட்சை இருக்கும்.

எப்போதாவது தப்பித்தவறித் தின்றுவிட்டால், வாந்தி வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்காதே. உப்புத் தண்ணீர் கரைத்து ஊற்றி வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் கேட்காதே, அந்த உப்பே ஆளைக் கொல்லும். என்ன தின்றாள், எத்தனை, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு உடனே தூக்கிக்கொண்டு போ. இரண்டு மணி நேரத்துக்குள் போனால் மருத்துவமனையில் பக்குவமாக வெளியே எடுத்துவிட வழி உண்டு. வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி இருக்கிறது. வேளச்சேரியிலிருந்து தூரம்தான். அதனால் பக்கத்தில் இருக்கிற ஒரு டாக்டர் நம்பரையும், ராத்திரியில் திறந்திருக்கிற ஒரு இடத்தின் நம்பரையும் இந்தக் கடிதத்தின் ஓரத்திலேயே எழுதி வை.

இங்கே இப்போது வாசலுக்கு இரண்டு தெரு நாய்கள் வருகின்றன, ஒரு செவலையும் அதன் குட்டியும். மணி தட்டில்தான் போடுகிறேன். வேறு எந்த நாயையும் அந்தத் தட்டில் தின்ன விடமாட்டேன் என்றுதான் ரொம்ப நாள் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தேன். போன மாசம் ஒரு நாள் குட்டி மழையில் நனைந்துகொண்டு படியில் நின்றது, கை தானாகத் தட்டை எடுத்துவிட்டது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

கொல்லையில் பூசணி நாலு காய்த்திருக்கிறது. வியாழக்கிழமை பொதிகையில் கிளம்புகிறேன், வெள்ளி காலை வந்துவிடுவேன். இரண்டு காயும், சின்ன மத்து ஒன்றும் கொண்டு வருகிறேன், உன் வீட்டில் மசிக்க ஒன்றுமே இருக்காது. பை கனமாக இருக்கும், ஸ்டேஷனுக்கு வா. பொன்னியைக் கூட்டி வராதே, அந்தக் கூட்டத்தில் மிரண்டுவிடுவாள். வீட்டிலேயே வந்து பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா