எந்தப் புஷ்ஷுக்கு ரப்பர், எந்தப் புஷ்ஷுக்குப் பந்து

சிங்கப்பூர், ஈசூன்
ஞாயிறு இரவு

அன்புள்ள கூட்டாளிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கோபித்துக்கொள்ளாதே. நீ கேட்ட கேள்விக்கு விடை என் காரின் அடியில் இருந்தது, காரோ பட்டறையில் கிடந்தது. கையால் தொட்டுப் பார்க்காமல் உனக்கு எழுத மனம் வரவில்லை.

முதலில் வீட்டுச் சேதி. உன் பேரனுக்கு முடியிறக்கிய படத்தைப் பார்த்தேன். அப்படியே உன் அப்பாவின் நெற்றி. அம்மாவிடம் காட்டினேன், கைப்பேசியை வாங்கி வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு வலது முட்டியில் அறுவை முடிந்து நாலு மாதம். கைத்தடியோடு கீழ்த்தளத்துக் காப்பிக்கடை வரை நடக்கிறார். மகளுக்குத் துவாஸ் பக்கம் வேலை கிடைத்திருக்கிறது, விடிவதற்குள் கிளம்பிவிடுகிறாள். வீட்டில் எல்லாரும் நலம்.

இனி உன் கேள்வி. உன் புரோட்டான் சத்ரியா காரில், சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் ஆர்ம் என்னும் கைகளின் மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பில்லோபால், அதாவது எஃகுப் பந்து மூட்டு, போட்டுவிடலாமா என்று கேட்டிருந்தாய். 'எல்லாவற்றையும்' என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

என் ஹோண்டா சிவிக் டைப் ஆர் 2008-ல் வாங்கியது என்பது உனக்குத் தெரியும். 2018-ல் கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழான சிஓஇயைப் பத்து வருஷத்துக்குப் புதுப்பித்தேன். பத்து வயது தாண்டிய காரை இங்கே ஆண்டுதோறும் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஒருமுறை அங்கே விளக்கை அடித்துக் காட்டினார்கள்: முன் சக்கரத்தின் கீழ்க் கையான லோயர் ஆர்மின் பின் பக்கத்துப் புஷ் அரைவட்டத்துக்குக் கிழிந்திருந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்புதான் ஒரு பட்டறையில் புதிதாகப் போட்டது. வயதானதால் கிழியவில்லை, பூட்டிய விதத்தால் கிழிந்தது. இந்த இடத்தை நிதானமாகப் படி, உனக்கு உதவும்.

ரப்பர் புஷ்ஷுக்குள் எதுவும் சுழல்வதில்லை. நடுவில் ஒரு இரும்புக் குழல், வெளியே ஒரு இரும்பு வளையம், இடையில் இரண்டோடும் ஒட்டவைத்து வேகவைத்த ரப்பர். ஆர்ம் மேலும் கீழும் போகும்போது ரப்பர் முறுக்கிக்கொள்கிறது, பிறகு முறுக்கு அவிழ்கிறது. அவ்வளவுதான். போல்ட்டை இறுக்கும் நேரத்தில் ஆர்ம் எந்த நிலையில் இருக்கிறதோ அதுவே அந்த ரப்பருக்கு ஓய்வு நிலை. காரைத் தூக்கி, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது இறுக்கினால், காரை இறக்கிய உடனே ரப்பர் முறுக்கேறிவிடும். நிறுத்தி வைத்திருக்கும்போதும் இராப்பகலாக அந்த முறுக்கிலேயே கிடக்கும். அன்று அந்தப் பட்டறையில் நடந்தது இதுதான். சக்கரத்தில் காரின் பாரம் இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். இதை எத்தனை பேர் செய்கிறார்கள்? இந்த ஒரு காரியத்தைச் சரியாகச் செய்திருந்தால் ரப்பரின்மேல் எனக்குச் சலிப்பே வந்திருக்காது.

ஆனால் வந்துவிட்டது. காக்கி புக்கிட்டில் நமக்குத் தெரிந்த தம்பி ஒருவரின் பட்டறையில், முன் ஆர்ம் இரண்டிலும் இருந்த எல்லாப் புஷ்ஷையும், பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் டிரெய்லிங் ஆர்ம் புஷ்ஷையும் பிரஸ்ஸில் தள்ளி எடுத்துவிட்டு ஸ்பெரிக்கல் பேரிங் போட்டோம், பில்லோபால் என்பதும் அதுதான். மெருகேற்றிய எஃகுப் பந்து, அதைப் பிடித்திருக்கும் கிண்ணம், இரண்டுக்கும் நடுவில் மெல்லிய டெஃப்லான் பூச்சு. கையில் எடுத்தபோது நகைக்கடைச் சாமான் போல இருந்தது. விரலால் உருட்டினால் எல்லாப் பக்கமும் சாய்கிறது. அழுத்தினால் ஒரு மயிரிழைகூட நகர்வதில்லை.

அந்தக் காரோடு மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்துக்குப் போனேன். முக்கால் தொட்டி பெட்ரோலோடு துவாஸ் இரண்டாம் பாலம் தாண்டி, விடியுமுன் நெடுஞ்சாலை. 5.543 கிலோமீட்டர் தடம், 15 வளைவு. நீளமான நேர்ப்பாதை முடிந்து முதல் வளைவுக்கு முன்னால் பிரேக்கை முழுசாக அழுத்தினேன். முன்பெல்லாம் அந்த இடத்தில் ஸ்டீயரிங் கையில் லேசாக நெளியும், கார் இடமும் வலமும் முகர்ந்து பார்ப்பது போல அசையும். அன்று கோடு கிழித்தது போல நின்றது. ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. பிரேக் பிடிக்கும்போது ரோடு சக்கரத்தைப் பின்னால் தள்ளுகிறது, ரப்பர் அமுங்குகிறது, சக்கரம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பி நிற்கும் டோ கோணம் மாறுகிறது. கிழிந்த ரப்பரென்றால் இடது ஒரு மாதிரி, வலது ஒரு மாதிரி மாறும். பந்துக்கு அமுங்கத் தெரியாது. அலைன்மெண்ட் மேசையில் வைத்த கோணம் வளைவிலும் அப்படியே நிற்கிறது. அந்த நாளை நான் மறக்க மாட்டேன், பொய் சொல்லவில்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகுதான் மற்ற பாதி தெரிந்தது. பெஞ்சமின் ஷியர்ஸ் பாலத்தில் ஒவ்வோர் இணைப்பும் டொக், டொக் என்று முதுகுத்தண்டில் வந்து விழுந்தது. ஆனால் ஒரு விசித்திரம். எங்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் கார் நிறுத்தும் கட்டடத்தில் மேட்டின்மேல் மெதுவாக ஏறி இறங்கினால் முன்பைவிட மெத்தென்று இருந்தது! ரொம்ப நாள் இதை யோசித்தேன். ரப்பர் முறுக்கத்தைத் தடுக்கும், ஆனால் இடித்தால் விட்டுக்கொடுக்கும். பந்து நேர்மாறு: முறுக்கத்தைத் தடுப்பதே இல்லை, இடித்தால் இம்மியும் விட்டுக்கொடுக்காது. அதனால் நிதானமான மேட்டில் சஸ்பென்ஷன் தடையில்லாமல் அசைகிறது. கூர்மையான விளிம்பில் மோதும்போது மட்டும் அந்த அடி முழுவதும் சட்டத்துக்குள் போகிறது. ரப்பர் தின்றுகொண்டிருந்த அடி எங்கும் மறைந்துவிடுவதில்லை பார். அது ஆர்மைத் தாங்கும் சப்ஃப்ரேமுக்கும் வெல்டிங்குக்கும் ஸ்டீயரிங் ராக்குக்கும் போகிறது. கடைசியில் உட்கார்ந்திருப்பவரின் எலும்புக்கும்.

உட்கார்ந்திருந்தவர் அம்மா. முட்டி மருத்துவரைப் பார்க்கப் போகும்போது பின் சீட்டில். நொவீனா வருமுன் என் தோளைத் தொட்டு, "தம்பி, மாட்டு வண்டியில பெரட்டுக்குப் போன மாதிரி இருக்குடா" என்றார். பெரட்டு, அந்த நாளில் தோட்டத்தில் விடியுமுன் பேர் கூப்பிடும் கூட்டம். அவர் குறை சொல்லும் ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் கழற்றி வைத்திருந்த பழைய புஷ் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்திருந்தேன். அம்மா எடுத்து நகத்தால் அழுத்திப் பார்த்தார். "இது நம்ம பாலா?" என்று கேட்டார். நம்ம பால்தான். செயற்கை ரப்பர் எத்தனையோ வந்துவிட்டாலும் இந்த மாதிரிப் புஷ்ஷுக்கு இன்னும் இயற்கை ரப்பரைத்தான் அதிகம் நம்புகிறார்கள். இழுக்கும்போது அதன் இழைகள் தாமாகவே வரிசைகட்டி இறுகிக்கொள்ளும், அதனால் சின்ன விரிசல் சட்டென்று பெரிதாவதில்லை. எண்ணெயும் சூடும் ஓசோனும்தான் அதற்கு எமன். இதையெல்லாம் அவருக்குச் சொன்னேன். நான் சொன்னது அவர் காதில் விழுந்ததோ என்னவோ, சுங்கைப்பட்டாணித் தோட்டத்தில் பத்து வயதில் பாட்டியோடு பால் வடியும் மங்கு துடைக்கப் போனதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும், அதனால் இருட்டிலேயே மரத்தடிக்குப் போய்விட வேண்டும், பட்டையில் கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், கங்காணியிடம் ஏச்சு. 1877-ல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் இங்கே பூமலைக்கு, அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்கு, வந்தன, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை இங்கேதான் அந்தத் தோட்டத்து இயக்குநர் ரிட்லி செய்து பார்த்துச் சொன்னார் என்று நாம் படித்திருக்கிறோம். அந்த முறையைக் கையில் ஏந்தி வயிறு வளர்த்தது உன் வீடும் என் வீடும். அந்தப் பாலைக் காருக்குள்ளிருந்து ஒரு துளி விடாமல் பிடுங்கி எறிந்திருக்கிறேனே என்று மனசுக்குச் சங்கடமாக இருந்தது.

இப்போது என்ன செய்திருக்கிறேன் என்று சொல்கிறேன். முன் லோயர் ஆர்ம் எல் வடிவத்தில் இருக்கிறது அல்லவா? அதில் இரண்டு புஷ். சக்கரத்தின் மையத்துக்கு நேராக இருப்பது வளைவில் வரும் பக்கவாட்டு விசையைத் தாங்குகிறது. பின்னால் இருப்பது சக்கரம் பள்ளத்தில் இடிக்கும்போது வரும் முன்பின் விசையை வாங்கிக்கொள்கிறது. முதலாவதில் பந்தை அப்படியே விட்டுவிட்டேன். இரண்டாவதில் புது ரப்பர், பழையதைவிடக் கொஞ்சம் கெட்டியான ரகம். இடி வரும்போது ஆர்ம் அந்தப் பந்தை அச்சாக வைத்து இம்மி திரும்புகிறது, பின்னால் இருக்கும் ரப்பர் அதை ஏந்திக்கொள்கிறது. பக்கவாட்டில் அசைவே இல்லை. பின் டிரெய்லிங் ஆர்மில் முழுக்க ரப்பருக்குத் திரும்பிவிட்டேன். அம்மா அதற்கு நேர் மேலேதான் உட்காருகிறார். செப்பாங்கில் ஒரு சுற்றுக்கு என்ன இழந்தேனோ, அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

ரப்பரைவிடக் கெட்டியான செயற்கைப் பொருளான பாலியூரித்தேன் புஷ் போடலாமா என்றும் கேட்டிருந்தாய். ஒரே அச்சில் மட்டும் சுழலும் இடத்தில் போடு, கிரீஸ் மறக்காதே. டிரெய்லிங் ஆர்மில் வேண்டாம். அந்த ஆர்ம் மேலேறும்போது மற்ற இணைப்புகள் அதைப் பக்கவாட்டிலும் இழுத்துத் திருகும். ரப்பர் அதற்கு வளைந்துகொடுக்கும், பந்தும் கொடுக்கும். பாலியூரித்தேன் பிடித்துக்கொள்ளும், பிறகு போல்ட் மாட்டும் ஆர்மின் காது வாங்கும் அடி.

உன் சத்ரியா தினமும் தோட்டத்துச் செம்மண் பாதையில் போகிறது. டெஃப்லான் பூச்சுக்குள் மண் துகள் புகுந்தால் அது உப்புத்தாள் மாதிரி அரைக்கும். எனக்கே, தார் ரோட்டில் மட்டும் ஓடியும், தூசி உறை இல்லாத ஒரு பேரிங் டிசம்பர் மழையைத் தாண்டவில்லை. கடப்பாரையை வைத்து நெம்பினால் கடகடவென்று ஆடியது. ரப்பர் சாகுமுன் விரிசல் காட்டும், கண்ணால் பார்க்கலாம். பந்து சத்தம் போடும்போது காரியம் முடிந்திருக்கும். ஆகையால் உனக்கு நான் சொல்வது: நான்கு பக்கமும் புது ரப்பர் போடு. நீயே பக்கத்தில் நின்று, கார் தரையில் இறங்கிய பிறகு போல்ட்டை இறுக்கச் சொல். உன் கார் இளமை திரும்பியது போல இருக்கும். அதற்கும் மேலே ஆசை மிச்சமிருந்தால் முன் ஆர்மில் அந்த ஓர் இடத்தில் மட்டும் பந்து, அதுவும் உறை போட்டது. மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் விதியை முதலில் கேட்டுக்கொள்.

தீபாவளிக்கு மறுவாரம் அங்கே வருகிறோம். எழுநூறு கிலோமீட்டருக்கு மேல், ஈப்போவில் ஓரிரவு தங்கிவிட்டு வருவதாக எண்ணம். அம்மாதான் பிடிவாதமாக இருக்கிறார், விமானம் வேண்டாமாம், காரில்தானாம். உன் அப்பாவின் பழைய பால் கத்தி இன்னும் உன்னிடம் இருந்தால் எடுத்து வை, அவருக்கு அதைப் பார்க்க வேண்டுமாம். காரை ஏற்றி நிறுத்தும் சாய்தளம் இரண்டையும் கொல்லையில் தயாராக வை. உன் சத்ரியாவை நாம் இருவருமாகவே பார்த்துவிடலாம். எந்த அளவு புஷ் என்று எழுது, இங்கிருந்து வாங்கி வருகிறேன்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன்
பழைய கூட்டாளி