பேக்கர்ஸ்ஃபீல்டில் இறங்கி பஸ் ஏறு

சான் ஹோசே,
ஞாயிறு மாலை

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முட்டி வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. அதற்காக மறுபடி மொட்டை மாடி ஏறாதே.

போன வாரம் மகளைப் பார்க்க லாஸ் ஏஞ்சல்ஸ் போனோம். சுமார் 550 கிலோமீட்டர். முழுக்க நான்தான் ஓட்டினேன், இடுப்பு போயிற்று. ரயிலில் போனால் என்ன என்று கேட்பாய். நேராகப் போவது நாளுக்கு ஒரே ஒரு ரயில். கடலோரமாகச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர ஏறக்குறைய பதினோரு மணி நேரம். உள்பக்கமாக வருகிற ரயிலோ லாஸ் ஏஞ்சல்ஸுக்கு முன்னாலேயே, பேக்கர்ஸ்ஃபீல்டு என்ற ஊரோடு சரி. அங்கே இறக்கிவிட்டு மலையைத் தாண்ட பஸ்ஸில் ஏற்றுகிறார்கள். உலகத்துக்கே பணக்கார நாடு! நாம் வைகையில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டு மதுரை போனது எவ்வளவோ மேல்.

இந்த முறை ஃப்ரெஸ்னோ வழியாகப் போனோம். நெடுஞ்சாலை ஓரத்தில், சான் பிரான்சிஸ்கோவையும் லாஸ் ஏஞ்சல்ஸையும் இணைக்கப் போகும் அதிவேக ரயிலுக்கான பாலங்கள் நிற்கின்றன. நான் பார்த்த இடத்தில் பாலம் மட்டும்தான். 2008இல் கலிபோர்னியா மக்கள் ஓட்டுப் போட்டு, கடன் பத்திரம் மூலம் ஏறத்தாழ 1,000 கோடி டாலர் திரட்டச் சம்மதித்தார்கள். அப்போது மொத்தச் செலவு 3,300 கோடி டாலர் என்றார்கள். இப்போதைய மதிப்பீடு 10,000 கோடியைத் தாண்டிவிட்டது. கட்டுகிறவர்கள் மேலும் தப்பு உண்டு. நிலத்தை வாங்கி முடிக்காமலேயே ஒப்பந்தம் போட்டார்கள். மனையைப் பதிவு செய்யாமல் கொத்தனாரைக் கூப்பிட்ட கதை.

ஆனால் எனக்குக் கோபம் வேறொன்றில். 1956இல் மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைகளுக்குச் சட்டம் வந்தபோது, செலவில் 90 சதவீதத்தை மத்திய அரசே ஏற்றது. பெட்ரோல் வரியைப் போட்டுவைக்கத் தனி நிதியே இருந்தது. அடுத்த வருடம் பணம் வருமா என்று யாரும் முழிக்கவில்லை. ரயிலுக்கு? 2009இல் நாடு முழுமைக்கும் 800 கோடி டாலர் ஒதுக்கினார்கள். புளோரிடா ஆளுநர் தன் மாநிலத்துப் பங்கு வேண்டாம் என்று 2011இல் திருப்பிவிட்டார். 2025 ஜூலையில் கலிபோர்னியாவுக்குத் தருவதாயிருந்த 400 கோடியை மத்திய அரசு ரத்து செய்தது. பிறகு மாநிலமே 2045 வரை ஆண்டுக்கு 100 கோடி என்று முடிவெடுத்தது. நல்லதுதான். ஆனால் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு மலையைக் குடைய அது எந்த மூலைக்கு?

மக்கள்தொகையில் ஸ்பெயின் எங்கள் மாநிலத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. 1992இல் மாட்ரிட் - செவில் பாதையில் ஆரம்பித்து நாடெங்கும் அதிவேக ரயில் பாதை போட்டுவிட்டார்கள்.

அதனால் எங்கள் தொகுதியின் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) உறுப்பினருக்கு, நெடுஞ்சாலைக்கு இருந்ததைப் போல ரயிலுக்கும் வருடம் தவறாமல் ஒரு நிதி வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதிப் போட்டேன். மாப்பிள்ளைக்கு ஒரே சிரிப்பு. "விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தானே மாமா" என்றார். விமான நிலையத்தில் சோதனை வரிசையில் நிற்கிற நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றேன்.

பதில் வந்தது. அச்சடித்த நன்றிக் கடிதம், என் பெயரில் ஒரு எழுத்து பிழை. நாளை மறுபடி எழுதப் போகிறேன்.

அப்புறம், நீ வந்தே பாரத்தில் மதுரை போனாயாமே, எப்படி இருந்தது? விவரமாக எழுது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சேகர்