குளத்தில் மறுபடியும் தேளி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாளாகிவிட்டது. பதில் எழுத உட்கார்ந்த போதெல்லாம் மீன்குஞ்சுகளுக்குத் தீனி போடும் நேரம் வந்துவிடும். இந்த வயதில் அவை மூன்று மணி நேரத்துக்கு மேல் பசி தாங்காது. இன்று மழை பிடித்திருக்கிறது, தொட்டிகள் அமைதியாக இருக்கின்றன, உனக்கு நிதானமாக எழுதலாம். முழங்கால் அறுவைக்குப் பிறகு கைத்தடி இல்லாமல் வாசல் வரை நடக்கிறாய் என்று படித்தபோது மனசு லேசாகிவிட்டது. படி ஏறுவதில் மட்டும் அவசரப்படாதே.

நீ இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். உன் பண்ணைக்குட்டையில் தேளி விடலாமா என்பது ஒன்று. ஹார்மோன் ஊசி போட்டு மீனை முட்டையிடச் செய்வது சரிதானா, அதைச் சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்றும் ஆகாதா என்பது இன்னொன்று. இரண்டாவதைத்தான் நீ தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறாய். அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கோடையில் குளம் வற்றும்போது சேற்றுக்குள் கைவிட்டு மீன் பிடிப்போமே, உன் கட்டைவிரலில் தேளி கொட்டிய நாள் ஞாபகம் இருக்கிறதா? நீ வலியில் துடித்தாய். உன் அம்மா தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீர் வைத்து உன் கையை அதிலேயே அமுக்கிப் பிடித்திருந்தார். அந்த நஞ்சு புரதத்தால் ஆனது, சூட்டில் அதன் வீரியம் குறையும் என்பதைப் பல வருஷம் கழித்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். நெஞ்சுத் துடுப்பின் முள்ளில் இருக்கிறது அந்த நஞ்சு. தேள் மாதிரி கொட்டுவதால்தானே நம் ஊரில் அதற்குத் தேளி என்று பெயர் வைத்தார்கள். அதன் அறிவியல் பெயரும் நம் கடற்கரையோடு சேர்ந்ததுதான். 1794இல் ப்ளாக் என்ற ஜெர்மானியர் இதற்கு 'ஃபாசிலிஸ்' என்று பெயர் சூட்டியது தரங்கம்பாடியிலிருந்து போன மீனைப் பார்த்து. லத்தீனில் அந்தச் சொல்லுக்கு 'தோண்டி எடுத்தது' என்று பொருள். சேற்றைத் தோண்டி எடுத்த நமக்கு அது பொருந்திய பெயர்தான்.

அந்தக் குளத்தில் இப்போது தேளி இல்லை. நான் ஊர் திரும்பிய முதல் வருஷம் கோடையில் மூன்று குளங்களில் தேடினேன், ஒன்றுகூடக் கையில் படவில்லை. வரத்து வாய்க்கால்கள் தூர்ந்துபோய்விட்டன. வயலில் தேங்கும் மழைத்தண்ணீரில் ஏறி வந்து முட்டையிடுகிற மீன் இது. அந்தத் தண்ணீரில் இப்போது பூச்சிமருந்து இருக்கிறது. இது போதாதென்று ஆப்பிரிக்கக் கெளுத்தி வந்து சேர்ந்தது. 2000ஆம் ஆண்டிலேயே இந்திய அரசு அதைத் தடை செய்துவிட்டது, ஆனாலும் திருட்டுத்தனமாகப் பல குட்டைகளில் வளர்கிறது. கண்டதையெல்லாம் விழுங்கும், வெள்ளத்தில் தப்பி ஏரிக்குப் போனால் மற்ற மீன்களை விட்டுவைக்காது. எனக்கு அதைவிடப் பெரிய வருத்தம், பல ஊர்களில் அதையும் 'தேளி' என்றே சொல்லி விற்பது. நம் மீனின் பெயரைக்கூட அது எடுத்துக்கொண்டது. நானே முதல் முறை ஏமாந்தேன். நாட்டுத் தேளிக் குஞ்சு என்று சொல்லி ஒருவர் கொண்டுவந்து கொடுத்தவை விரல் நீளம் வந்ததும் முதுகைப் பார்த்தேன், துடுப்பு தலைக்குப் பின்னாலிருந்து வால் வரைக்கும் ஓடியது. தேளிக்கு முதுகுத் துடுப்பு சின்னது, ஒரு நகம் அளவுதான் இருக்கும். வயிற்றுப் பக்கம் அடியில்தான் நீளத் துடுப்பு. எட்டு மீசை இரண்டுக்கும் உண்டு, அதை வைத்துப் பிரிக்க முடியாது. முதுகைப் பார். இதை மட்டும் மறக்காதே.

அதனால்தான் குஞ்சை நாமே உண்டாக்குவது என்று முடிவு செய்தேன். ஊசிக்கு வந்ததும் அப்படித்தான்.

சிமெண்ட் தொட்டியில் தேளியைப் போட்டு எவ்வளவு நல்ல தீனி கொடுத்தாலும், சினை முற்றி வயிறு உப்பி நிற்குமே தவிர முட்டையிடாது. மழை, புதுத்தண்ணீர், வெதுவெதுப்பு, தாழ்வான வயல் வெள்ளம் எல்லாம் சேர்ந்து வரும்போதுதான் மூளை ஒரு செய்தியை அனுப்பும். பத்து அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சங்கிலி அது. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அதைக் கேட்டு இன்னொரு ஹார்மோனை ரத்தத்தில் விடும், அதற்குப் பிறகே முட்டை கடைசிப் பக்குவம் அடைந்து உதிரும். தொட்டியில் அந்த அடையாளங்கள் இல்லை. டோபமின் என்ற பொருள் பிட்யூட்டரியை அடக்கியே வைத்திருக்கும். நான் போடும் மருந்தில் இரண்டே சரக்கு. மூளையின் அந்தச் செய்தியைப் போலச் செய்த ஒன்று, டோபமினின் பிடியைத் தளர்த்தும் டாம்பெரிடோன் இன்னொன்று. டாம்பெரிடோன் உனக்குத் தெரிந்த மருந்துதான், வாந்திக்கு நமக்கு எழுதிக் கொடுப்பார்களே, அதே. ஓவாப்ரிம் என்ற பெயரில் வருவதில் ஒரு மில்லிக்கு இருபது மைக்ரோகிராம் ஹார்மோன், பத்து மில்லிகிராம் டாம்பெரிடோன்.

ஆக, ஊசி முட்டையை உண்டாக்குவதில்லை. உள்ளே ஏற்கெனவே முற்றி நிற்கும் முட்டைக்கு மழை வந்துவிட்டது என்று சொல்கிறது. வெளியில் நாம் பறித்துவிட்ட மழைவெள்ளத்தை ஊசி வழியாகத் திருப்பிக் கொடுக்கிறோம் என்றுதான் நான் நினைத்துக்கொள்கிறேன். சாப்பிடுகிறவர்களைப் பற்றிய உன் கவலைக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஊசி போடுவது தாய்மீனுக்கும் தகப்பன் மீனுக்கும் மட்டும், வருஷத்துக்கு ஒருமுறை. அவை விற்பனைக்குப் போவதில்லை. குளத்தில் வளர்ந்து சந்தைக்குப் போகும் மீன் ஊசியையே பார்த்திராது. நீ எங்கோ படித்தது திலேப்பியாவுக்குச் செய்வது என்று நினைக்கிறேன். அங்கே எல்லாக் குஞ்சையும் ஆணாக்க டெஸ்டோஸ்டிரோன் வகை மருந்தைக் குஞ்சுத் தீனியிலேயே கலக்கிறார்கள். அது வேறு மருந்து, அதன் நோக்கமும் வேறு.

இது புதிய வித்தையும் இல்லை. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹிராலால் சௌத்ரியும் அலிகுஞ்ஞியும் கெண்டை இனங்களை ஊசி மூலம் முட்டையிட வைத்தார்கள், அந்த நாளைத்தான் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். ஆனால் அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1956இல், ராமசாமி, சுந்தரராஜ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதே தேளியைப் பிட்யூட்டரிச் சாறு ஏற்றி முட்டையிட வைத்து 'சயன்ஸ்' இதழில் எழுதிவிட்டார்கள். நம் சேற்றுமீன் கெண்டையை முந்திக்கொண்டது என்று தெரிந்த அன்று எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை.

இந்த வருஷம் செய்ததைச் சொல்கிறேன். பெண் எது ஆண் எது என்பதை இனத்துளையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆணுக்குக் கூம்பாக நீட்டிக்கொண்டிருக்கும், பெண்ணுக்குப் பொத்தான் போல உருண்டு நடுவில் பிளவோடு இருக்கும். ஈரத்துணியில் சுற்றித்தான் பிடிக்கிறேன், முள் துணியையும் துளைக்கும். பெண்ணுக்குக் கிலோவுக்கு அரை மில்லி கணக்கு, ஆணுக்கு அதில் பாதி. நூற்றிருபது கிராம் மீனுக்கு 0.06 மில்லி என்றால் சிரிஞ்சில் அளக்கவே வராது. அதனால் ஒரு மில்லி மருந்தில் நாலு மில்லி உப்புக்கரைசல் கலந்து, அதில் 0.3 மில்லி முதுகுத் தசையில் ஏற்றுகிறேன். மாலை ஏழு மணிக்கு ஊசி போட்டால், தண்ணீர் 28 டிகிரியில் இருக்கும்போது, விடியற்காலையில் முட்டை.

முதல் இரண்டு வருஷம் பிதுக்கித்தான் முட்டை எடுத்தேன். பெண்ணின் வயிற்றை மெல்ல அழுத்தினால் பச்சை படிந்த முட்டைகள் பேசினில் வழியும். ஆணைப் பிதுக்கினால் விந்து வராது, கெளுத்திகளில் பலவும் அப்படித்தான். வயிற்றைக் கிழித்து விரைகளை வெளியே எடுத்து, உப்புக்கரைசலில் நசுக்கி வடிகட்டி, முட்டையோடு கோழி இறகால் கலக்க வேண்டும். தண்ணீர் பட்டதும் விந்தணுக்கள் துடிக்கத் தொடங்கிச் சீக்கிரமே ஓய்ந்துவிடும், அதற்குள் கலந்தாக வேண்டும். முறை சரியானதுதான், எல்லா இடத்திலும் செய்கிறார்கள். ஆனால் ஒரு வருஷம் முழுக்க என் கையால் தீனி தின்ற மீனை, அது தகப்பனாகப் போகிற காலையிலேயே நான் அறுக்க வேண்டியிருந்தது. இரண்டாம் வருஷம் பதினெட்டு ஆண்மீன்கள். அன்றைக்கு மதியம் வரை யாரிடமும் பேசவில்லை.

தேளியில் அதற்கு மாற்று வழி இருக்கிறது. ஊசி போட்ட இரண்டு ஆணையும் ஒரு பெண்ணையும் சின்னத் தொட்டியில் விட்டு, ஆகாயத்தாமரைக் கொத்து போட்டு, மேலே தூறல் மாதிரி தண்ணீர் விழவிட்டால் தாமாகவே கூடி முட்டையிடும். போன வருஷத்திலிருந்து இதைத்தான் செய்கிறேன். பிதுக்கி எடுத்தபோது நூற்றுக்கு எழுபது முட்டைக்கு மேல் கருவானது, இதில் ஐம்பதைத் தாண்டவில்லை. அந்த நஷ்டம் எனக்குச் சம்மதம். நள்ளிரவுக்குப் பிறகு டார்ச்சில் சிவப்புத்தாள் கட்டிக்கொண்டு பார்த்தேன். ஆண் பெண்ணின் வயிற்றில் முட்டி முட்டிச் சுற்றியது, பிறகு இரண்டும் வளைந்து ஒன்றாகி ஒரு நொடி அசையாமல் நின்றன. உன்னைக் கூட்டிவந்து காட்ட வேண்டும்.

முட்டையிட்டதும் பெரிய மீன்களை எடுத்துவிட வேண்டும், இல்லையேல் தின்றுவிடும். கெட்ட முட்டை வெள்ளையாகத் தெரியும், அதில் பூஞ்சை பிடித்தால் பக்கத்து நல்ல முட்டைக்கும் பரவும், அதனால் பொறுக்கியெடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாளில் குஞ்சு வெளிவரும். மூன்று நாள் வரை அது தன் மஞ்சள்கருவை வைத்தே காலம் தள்ளும்.

நான்காம் நாள்தான் கண்டம். முதல் வருஷம் அந்த நாளில் அரைத்த முட்டை மஞ்சளும் தூள்தீனியும் போட்டேன். தின்னாமல் அடியில் தங்கிய தீனி அழுகி, மறுநாள் காலையில் தொட்டி முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கிடந்தது. பல ஆயிரம் குஞ்சுகள், ஒரே இரவில். அவற்றுக்கு உயிருள்ள இரைதான் வேண்டும். இப்போது ஆர்ட்டீமியா என்ற பொடி இறால் வகையை முதல் நாளே உப்புநீரில் பொரிக்க வைத்துவிடுகிறேன், சாணி கரைத்த தொட்டியில் மொய்னா என்ற கண்ணுக்குச் சிறிதாகத் தெரியும் நீர்த்தெள்ளு தயாராக நீந்திக்கொண்டிருக்கும். ஊசி போடும் தேதியை முடிவு செய்வதே மொய்னா எப்போது திரளும் என்பதைப் பார்த்துத்தான். இரண்டாவது வாரத்தில் குஞ்சுகள் மேலே வந்து காற்றைக் குடிக்கத் தொடங்கும். செவுளுக்குப் பின்னால் முதுகுத் தசைக்குள் வால்பக்கம் வரை நீளும் இரண்டு காற்றுப்பைகள் அதற்கு உண்டு. அந்த வயதில் ஆழத் தண்ணீர் இருந்தால் ஏறி இறங்கியே களைத்துப்போகும், அதனால் நாலு விரல் ஆழத்துக்கு மேல் வைப்பதில்லை. பெரியது சின்னதைத் தின்னும், வாரம் ஒருமுறை தரம் பிரித்தாக வேண்டும். என் பெரும் பாடெல்லாம் இந்த இருபது நாளில்தான்.

இனி உன் குட்டை. விடலாம், ஆனால் இந்த வருஷம் வேண்டாம். முதலில் தண்ணீரை இறைத்து வெயிலில் காயவிடு. சுற்றிலும் கரைமேல் வலை கட்டி அடியை மண்ணில் புதை. தவளையும் தண்ணீர்ப்பாம்பும் உள்ளே வராமலிருக்கவும், மழை இரவில் தேளி வெளியேறாமலிருக்கவும் அது வேண்டும். பகலில் ஒளிந்துகொள்ள குழாய்த்துண்டுகளும் ஒரு ஓரத்தில் ஆகாயத்தாமரையும் போடு. தீனியைச் சாயங்காலம் வை, இருட்டினால்தான் அது தேடி வரும். ஏழெட்டு மாதத்தில் நூறு கிராம் தொடும். இன்னொன்று, இந்த மீன் எந்தத் தண்ணீரையும் தாங்கும் என்று உன்னிடம் சொல்வார்கள். உண்மைதான், சூழல் மோசமானால் அம்மோனியாவை யூரியாவாக மாற்றிக்கொள்ளும் அபூர்வமான உடம்பு அதற்கு. அதற்காகக் கோழிக்கழிவைக் கொட்டாதே. தாங்குகிறது என்பதாலேயே ஒரு உயிரை அழுக்கில் வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

இப்போது என்னிடம் விரல் நீளத்தில் மூவாயிரத்துச் சொச்சம் இருக்கின்றன. அதில் ஐநூறை நாம் பிடித்த அந்தப் பழைய குளத்தில் விட ஊராட்சியில் பேசியிருக்கிறேன். வாய்க்காலைத் தூர்வாரிவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். இன்னும் ஒரு தொகுப்புச் சினைமீன் முற்றி நிற்கிறது. தொட்டியில் மொய்னா நேற்றுத்தான் திரளத் தொடங்கியது, அடுத்த வெள்ளிக்கிழமை மாலை ஊசி போடுவேன். முழங்கால் இடம் கொடுத்தால் அன்றைக்கு வந்துவிடு. கொட்டகையில் உனக்கு உயரமான நாற்காலி ஒன்று போட்டு வைக்கிறேன், நீ டார்ச் பிடித்தால் போதும்.

என்றும் உன் நண்பன்